கூட வந்தவர்

புதன்கிழமை சாயங்காலம் டயாலிசிஸ் மையத்திலிருந்து கைப்பேசிக்கு ஒரு பட்டியல் வந்தது. மையத்தின் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் பழுதாகி இரண்டு நாளாக யாருக்கும் சிகிச்சை நடக்கவில்லை. இப்போது சரியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை வரவேண்டியவர்கள் வியாழக்கிழமை வரவேண்டும், வெள்ளிக்கிழமைக்காரர்கள் சனிக்கிழமை. வியாழனன்று இரண்டு ஷிப்டுக்குப் பதில் மூன்று ஷிப்ட்.

இஸ்ரவேலுக்கு எப்போதும் திங்களும் வியாழனும்தான். அவர் பெயர் வழக்கம்போல வியாழன் முதல் ஷிப்டில் இருந்தது. பட்டியலை விரலால் தள்ளிக்கொண்டே போனார். அதே முதல் ஷிப்டில், கடைசிக்கு முந்தின பெயராக, மாதம்மா என்று இருந்தது.

அவர் கைப்பேசியைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தார். இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட எழுந்திருக்கவில்லை. மைசூரில் என்.ஆர். மொஹல்லாவில் ஒரு மாடி அறை அது. கீழே வெல்டிங் கடை மூடியதும் ஒரு பெரிய சத்தம் நின்றது போலிருக்கும். அதற்குப் பிறகுதான் அறையின் சொந்த அமைதி தெரிய ஆரம்பிக்கும். அதில் அவர் பழகிப்போயிருந்தார். ஆனால் இன்றைக்கு அது வேறு மாதிரி இருந்தது.

அந்த மையத்தில் ஒரு விதி உண்டு. சிகிச்சை இலவசம், ஆனால் கூட ஒரு ஆள் வரவேண்டும். நோயாளி உள்ளே மெஷினில் இருக்கும் நான்கு மணி நேரமும் அந்த ஆள் வெளியே பெஞ்சில் இருக்கவேண்டும். ஆரம்பத்தில் ஒரு கையெழுத்து, முடிவில் ஒரு கையெழுத்து. நடுவில் யாருக்காவது ரத்த அழுத்தம் இறங்கினால் கதவைத் திறந்து கூப்பிடுவார்கள். கீழே மருந்துக் கடைக்கு ஓடி ஊசி மருந்து வாங்கி வரவேண்டும். போன வருடம் தனியாக வந்த ஒருவர் மெஷினிலேயே இறந்துபோய், யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் ஒரு நாள் முழுக்கத் திண்டாடிய பிறகு வந்த விதி அது. ஆள் இல்லையென்றால் மெஷின் இல்லை.

இஸ்ரவேலுக்கு ஆள் இல்லை. நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தார். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களும் இப்போது இல்லை. சர்க்கரை முதலில் கண்ணுக்கு வந்தது, பிறகு காலுக்கு, பிறகு சிறுநீரகத்துக்கு. ஐம்பத்தைந்தாம் வயதில் வேலையை விட்டார். முதல் மாதம் வீட்டுக்காரர் கூட வந்தார். பிறகு சபையிலிருந்து ஒருவர் வந்தார். பிறகு இருவருமே தெருவில் எதிரே வந்தால் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு காலைப்பொழுது, ஒவ்வொரு வாரமும், சாகிற வரைக்கும். அதை எப்படி ஒருவரிடம் கேட்பது?

மாதம்மா எல்லையோரக் கோபிநத்தத்துக்காரி. சரஸ்வதிபுரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் பத்தொன்பது வருடம் சமையல். முடியாமல் போன பிறகும் சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த அறையிலேயே அவளை இருக்க விட்டிருந்தார்கள். மகன் திருப்பூரில். ஒரு நாள் வராவிட்டால் அடுத்த நாள் வேலை இல்லை என்கிற வேலை.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை இரண்டு பேரையும் ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வெளியே பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள். இரண்டு பஸ் போனது. இருவருமே ஏறவில்லை.

"ஏனுங்ண்ணா," என்றாள் அவள் திடீரென்று. "உங்களுக்கு நான் உக்காந்தா, எனக்கு நீங்க உக்காருவீங்களா?"

அவ்வளவுதான் பேச்சு. அவள் தன் முறையைச் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் மாற்றிக்கொண்டாள். அவருடைய நாளில் அவள் பெஞ்சில். அவளுடைய நாளில் அவர். பதிவேட்டில் உறவு என்ற இடத்தில் அவர் 'தங்கை' என்று எழுதினார். அவள் கைநாட்டு வைத்தாள். "வேதக்கார அண்ணனுக்கு மாதம்மான்னு ஒரு தங்கச்சியா?" என்று சிஸ்டர் ஜெசிகா கேட்டார். "கர்த்தரோட கிருபை," என்றார் இஸ்ரவேல். சிஸ்டர் சிரித்துவிட்டு முத்திரையைக் குத்தினார். அதற்குப் பிறகு அந்த ஏற்பாட்டைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினால் கலைந்துவிடும் போல இருந்தது.

இப்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே இருந்தால், வெளியே யார்?

சிஸ்டருக்குப் போன் செய்து ஒருவருடைய ஷிப்டை மாற்றச் சொல்லலாம். ஏன் என்று கேட்பார். வீட்டில் வேறு ஆளே இல்லையா என்று கிளறினால் அண்ணன் தங்கை குட்டு உடையும். மாதம்மாவுக்குப் போன் செய்யலாம். அவள் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். என்ன சொல்வது? அவளுக்குப் போன வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சிகிச்சை இல்லை. அவருக்குத் திங்கட்கிழமை நடந்தது. கணக்கு எளிது. அவர் ஒரு முறையை விட்டுவிட்டு அவளுக்கு வெளியே உட்கார்ந்தால் போதும். அடுத்த திங்கள் வரைக்கும் தாங்கவேண்டும். இதை அவளிடம் சொன்னால் வேண்டாம் என்பாள். சொல்லாமல் செய்வதுதான் நல்லது என்று பட்டது.

ஒரு நாளைக்கு மூன்று தம்ளர் தண்ணீர்தான் அவருக்கு அனுமதி. மூன்றாவதை ஊற்றி வைத்திருந்தார். பாதி குடித்துவிட்டு மீதியைப் பானையில் திரும்ப ஊற்றினார்.

வியாழக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கே போய்விட்டார். எடை பார்க்கும் இடத்தில் டெக்னீஷியன் மதன் நின்றிருந்தான். "எனக்கு இன்னிக்கு வேண்டாம், காய்ச்சல் மாதிரி இருக்கு. தங்கச்சிக்கு உக்காரத்தான் வந்தேன்," என்றார். மதனுக்கு அன்று பேச நேரமில்லை. வராந்தா முழுக்க செவ்வாய்க்கிழமை முகங்களும் வியாழக்கிழமை முகங்களும் கலந்து நின்றன. "சரி விடுங்க அங்கிள்," என்று தாளில் ஒரு கோடு போட்டான்.

பெஞ்சில் மாதம்மா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப்பை. முகம் உப்பி, கண் சிறுத்திருந்தது. கூப்பிடக் காத்திருக்கிறாள் என்று நினைத்து அவர் பெஞ்சின் மறு முனையில் உட்கார்ந்தார். வழக்கம்போல நடுவில் இரண்டு ஆள் இடம். வழக்கம்போல மௌனம்.

கால் மணி நேரம் போனது. உள்ளே போகிறவர்கள் போனார்கள். கதவு மூடியது.

"ஏனுங்ண்ணா, இன்னும் உள்ள போகலீங்களா?"

"நான் போகல. நீங்க போங்க."

"நான் எங்கெ போறது? நாந்தான உங்களுக்கு உக்காந்திருக்கறன்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"சிஸ்டர்கிட்ட வேண்டான்னு சொல்லிப்போட்டனுங்க," என்றாள் அவள். "சனிக்கெழம எனக்கு இன்னொன்னு இருக்குதல்ல. உங்களுக்குத்தான் போன மாசம் நெஞ்சு அடச்சுது."

"நானும் மதன்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"எதுக்குங்க?"

"உங்களுக்காகத்தான்."

மாதம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு துணிப்பையால் தன் தொடையில் ஓங்கி அடித்தாள். "ஒரு போனு பண்ணித் தொலைக்கறதுக்கென்ன? வாயில கொழக்கட்டையா?"

"நீங்க பண்ணியிருக்கலாமே."

"நான் பண்ணுனா நீங்க 'ம்'முனு ஒரு சத்தம் போட்டு வெச்சிருவீங்க. எட்டு மாசமாப் பாக்கறனே!"

சத்தம் கேட்டு சிஸ்டர் ஜெசிகா வெளியே வந்தார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிய சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ரெண்டு மெஷினையும் வேற பேஷண்டுக்குக் குடுத்தாச்சு. ஒருத்தர் எங்கிட்ட வேண்டாம்னீங்க, ஒருத்தர் மதன்கிட்ட வேண்டாம்னீங்க. அண்ணன் தங்கச்சி வீட்டுல பேசிக்கவே மாட்டீங்களா?"

மாதம்மா துணிப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அப்ப ஒரே வீடு இல்ல," என்றார் சிஸ்டர். அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

"இல்லீங்க," என்றாள் மாதம்மா.

"நேத்தே எங்கிட்டச் சொல்லியிருந்தா ஒருத்தர மூணாவது ஷிப்டுல போட்டிருப்பேனே. இப்ப மூணாவதும் ஃபுல். ரெண்டாவதுல ஒரே ஒரு மெஷின் இருக்கு. ஒருத்தர் உள்ள, ஒருத்தர் வெளிய. யாரு?"

"அவங்க," என்றார் இஸ்ரவேல். "அவருங்க," என்றாள் மாதம்மா. இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவள் அவருடைய நெஞ்சடைப்பைச் சொன்னாள். அவர் அவளுடைய கண்ணைச் சொன்னார். அவள் உங்க காலைப் பாருங்க என்றாள். அவர் வேட்டியை இழுத்துக் காலை மறைத்துக்கொண்டார்.

"மெஷின் உங்களுக்குத்தான்னு இப்படிச் சண்டை போட்டுக்கறவங்கள நான் பார்த்ததே இல்ல," என்ற சிஸ்டர், இருவரையும் எடைக் கருவியில் ஏற்றினார். உடம்பில் தேங்கிய தண்ணீர்தான் கூடின எடை. இஸ்ரவேலுக்கு இரண்டு கிலோ எண்ணூறு. மாதம்மாவுக்கு நான்கரை. அதோடு பேச்சு முடிந்தது.

பத்தரை மணிக்கு மாதம்மா உள்ளே போனாள். கூட வந்தவர் என்ற இடத்தில் இஸ்ரவேல் கையெழுத்துப் போட்டார். உறவு என்ற இடத்தைச் சிஸ்டர் விரலால் மறைத்துக்கொண்டு, "இதை நான் பார்க்கல," என்றார். "உங்களுக்குச் சனிக்கிழமை ரெண்டாவது ஷிப்டுல இடம் பார்க்கறேன் அங்கிள். ஆனா ஆள் வேணும். அதுல என்னால ஒண்ணும் பண்ண முடியாது. சனிக்கிழமை பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றாரு."

இரண்டு வாரமாக அந்தப் பெஞ்சின் எதிரே நிம்மி என்ற பெண்ணும் உட்கார்ந்திருந்தாள். சர்க்கரையாலும் ரத்த அழுத்தத்தாலும் நாட்டுக்கு எவ்வளவு நஷ்டம் என்று ஒரு ஆராய்ச்சிக்குக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தாள். கையில் டேப்லெட். நோயாளிக்கு ஒரு படிவம், கூட வந்தவருக்கு ஒரு படிவம். மைசூர்ப் பெண். தமிழை யோசித்து யோசித்துப் பேசுவாள். இந்த நோய்க்கு எந்தப் பழக்கம் காரணம் என்று நினைக்கிறீர்கள் என்று மாதம்மாவிடம் கேட்டபோது அவள் சொன்ன பதில் வராந்தாவையே சிரிக்க வைத்தது. "நூறு புள்ளைங்க மிச்சம் வெச்ச கேசரிபாத்த நாயிக்குப் போடச் சொல்றியா கண்ணு? நாந்தான் தின்னன். பத்தொம்பது வருசம்."

நிம்மி இப்போது தயங்கித் தயங்கி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அங்கிள், போன திங்கட்கிழமை நீங்க பேஷண்ட் ஃபார்ம்ல இருக்கீங்க."

"ஆமா."

"அட்டெண்டர் ஃபார்ம்லயும் இருக்கீங்க. அந்த அம்மாவும் ரெண்டுலயும் இருக்காங்க."

"ஆமா."

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "தப்புன்னு சொல்லல அங்கிள். எப்படிப் போடறதுன்னு தெரியல. கூட வர்றவங்களுக்கு எத்தனை நாள் வேலை போச்சு, எவ்வளவு சம்பளம் போச்சுன்னு ஒரு கேள்வி. அதைத்தான் கூட்டி நாட்டுக்கு நஷ்டம்னு போடுவாங்க. உங்களுக்கு வேலை இல்ல. அவங்களுக்கும் இல்ல. ரெண்டு பேருக்கும் ஜீரோதான் வருது."

"ஜீரோ போடும்மா. சரிதானே."

"வாரத்துக்கு ரெண்டு தடவை நாலு நாலு மணி நேரம் உக்கார்றீங்க."

"நான் உக்கார்றதுல நாட்டுக்கு என்ன குறைஞ்சு போச்சு?" என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே யோசித்துத்தான் கேட்டார். ஸ்டோரில் இருந்த காலத்தில் ஒரு நாள் அவர் போகாவிட்டால் ஆலையின் ஒரு பகுதி நிற்கும். இப்போது அவர் எங்கே போகாவிட்டாலும் எதுவும் நிற்காது. இந்தப் பெஞ்சைத் தவிர.

"இன்னொரு கேள்வி இருக்கு. போன ஒரு மாசத்துல ட்ரீட்மெண்டை விட்டீங்களா?"

"இன்னிக்கு."

"காரணம்? நாலுல ஒண்ணு சொல்லணும். பணம் இல்ல, பஸ் இல்ல, உடம்பு முடியல, மறந்துட்டேன்." அவள் விரலால் திரையைத் தள்ளினாள். "கடைசியில 'மற்றவை'ன்னு ஒண்ணு இருக்கு. ஆள் இல்லன்னு போடவா அங்கிள்?"

இஸ்ரவேல் மூடியிருந்த கதவைப் பார்த்தார். மேல்பாதி கண்ணாடி, அதில் உள்ளிருந்து நீலத் திரை தொங்கியது.

"ஆள் இருக்கு," என்றார். "உள்ள இருக்கு."

நிம்மி அதைத் தட்டச்சு செய்தாளா, அழித்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை. கணக்கெடுப்பு நாளையோடு முடிகிறது என்று சொல்லிவிட்டு அவள் பழைய இடத்துக்கே போனாள்.

ஒன்றரை மணிக்குக் கதவு திறந்தது. "மாதம்மா கடெயவரு யாரு?" என்று மதன் கத்தினான். மாதம்மாவின் ஆள் யார் என்று அர்த்தம். இஸ்ரவேல் எழுந்து சீட்டை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார். இருபத்திரண்டு படி. ஏறி வரும்போது பதினான்காம் படியில் மூச்சு நின்று நின்று வந்தது. அங்கே தளர்ந்து ஆடிய கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊசி மருந்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். மேலே கதவு திறந்தே இருந்தது. மீதி எட்டுப் படிகளை எப்படி ஏறினார் என்று பிறகு யோசித்தபோது ஞாபகம் வரவில்லை.

சனிக்கிழமைக்குள் அவருக்குப் படுத்தால் மூச்சு முட்ட ஆரம்பித்திருந்தது. வெள்ளி இரவு முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே கழித்தார். சபைக்காரரின் எண்ணை எடுத்தார். வைத்துவிட்டார். வீட்டுக்காரரின் கதவு வரை போனார். உள்ளே தொலைக்காட்சியில் யாரோ சிரித்தார்கள். திரும்பி மாடி ஏறினார்.

காலையில் முதல் ஷிப்டில் மாதம்மா. அவர் பெஞ்சில் இருந்தார். பத்தரை மணிக்கு அவள் வெளியே வந்தாள். நான்கு மணி நேரம் மெஷினில் இருந்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் வருவார்கள், கழுவிப் பிழிந்த துணி மாதிரி. அவள் சுவரைப் பிடித்து நடந்து வந்து அவருடைய இடத்தில் உட்கார்ந்தாள்.

"போங்கண்ணா. உங்க முறை."

"நீங்க வீட்டுக்குப் போங்க. நிக்கவே முடியல உங்களால."

"நிக்கவா சொல்றாங்க? உக்காரத்தான சொல்றாங்க."

சிஸ்டர் ஜெசிகா பதிவேட்டோடு வந்தார். மாதம்மாவைப் பார்த்து, "இப்பதானே இறங்கினீங்க? இவங்களை எப்படி நான் அட்டெண்டர்னு எழுதறது? டாக்டர் கேட்டா?" என்றார்.

"ஆளு இருக்குதா இல்லயான்னு மட்டும் சொல்லுங்க சிஸ்டரு."

சிஸ்டர் இஸ்ரவேலின் கழுத்தைப் பார்த்தார். அதில் நரம்பு புடைத்துத் துடித்துக்கொண்டிருந்தது. பதிவேட்டை நீட்டினார். மாதம்மா கட்டை விரலை மையில் அழுத்தி வைத்தாள். ரேகை இழுபட்டுவிட்டது.

உள்ளே போகும் முன் அவர் திரும்பிப் பார்த்தார். அவள் பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்துவிட்டிருந்தாள். துணிப்பை தலைக்கு. எதிரே நிம்மி உட்காரும் இடம் காலியாக இருந்தது. பெரிய டாக்டர் வந்து போயிருந்தாரா, இனிமேல்தான் வருவாரா, இஸ்ரவேல் கேட்கவில்லை.

ஊசிகள் இறங்கின. ரத்தம் குழாயில் ஏறியது. இஸ்ரவேல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நாள் தண்ணீரை நான்கு மணி நேரத்தில் எடுக்கிறார்கள்; அதற்கு உடம்பு ஒத்துக்கொள்ளாது என்று அவருக்குத் தெரியும். இரண்டாவது மணி நேரத்தின் கடைசியில் காதுக்குள் ஒரு இரைச்சல் ஆரம்பித்தது. கூரையின் ஓரங்கள் கறுத்தன. மெஷின் கூவியது. மதன் ஓடி வந்து கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தினான். யாரோ அவர் கன்னத்தைத் தட்டினார்கள். சிஸ்டரின் குரல் எங்கோ ஒரு மருந்தின் பெயரைச் சொன்னது, இங்கே இல்லை, கீழே வாங்க வேண்டும் என்றது.

கதவு திறக்கும் சத்தம்.

"இஸ்ரவேல் கடெயவரு யாரு?"

பதில் இல்லை.

அந்தக் கணம் அவருக்கு நன்றாகக் கேட்டது. மற்றதெல்லாம் மங்கியிருந்தபோது காது மட்டும் கூர்மையாக இருந்தது. வராந்தாவில் யாரோ இருமினார்கள். மின்விசிறி சுற்றியது. அவருக்குக் கோபம் வரவில்லை. போயிருக்கலாம். போகச் சொன்னது அவர்தானே. எட்டு மாதமாக இருந்ததே பெரிது. அவளும் நோயாளிதான். தூங்கியிருக்கலாம். அதைவிட மோசமாகவும் இருக்கலாம் என்று அப்புறம்தான் தோன்றியது. எழுந்து பார்க்கவேண்டும் போலிருந்தது. கை கட்டிலோடு ஒட்டப்பட்டிருந்தது.

"இஸ்ரவேல் கடெயவரு! யாரூ இல்வா?"

மறுபடியும் மின்விசிறி.

பிறகு ஒரு துணிப்பை தரையில் விழும் சத்தம். பெஞ்சின் கிறீச்.

"இருக்கறனுங்க," என்றது தூக்கத்தில் நனைந்த குரல். "இருக்கறன், இருக்கறன். சீட்டக் குடுங்க."

செருப்பு இழுபட்டது. படி ஆரம்பிக்கும் இடத்தில் நின்றது. பிறகு இறங்கியது. ஒன்று. வெகு நேரம் கழித்து, இரண்டு.

"நிதானமாப் போகச் சொல்லுங்க," என்றார் இஸ்ரவேல். குரல் வெளியே வந்ததா என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். இறங்க இருபத்திரண்டு, ஏற இருபத்திரண்டு. பதினான்காம் படியில் கம்பி தளர்ந்திருக்கும். அதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.